தறிக்குழியும் தொடைத் தசையும்

கூலி உயர்வு, நூல் விலை, தள்ளுபடி மானியம் ஆகியவற்றைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்காக விவாதிக்கின்றோம். மிதிபலகையை மிதிக்கும் காலைப் பற்றி எந்த மகாசபையிலும் தீர்மானம் வந்ததாக நமக்கு நினைவில்லை. ஆயினும், வயது முதிர்ந்த அங்கத்தினர் தறியை விட்டு எழும்போது தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிக்கிறதென்று சொல்வதைச் சென்னிமலையிலும் பவானியிலும் கேளாதார் இல்லை.

காரணம் விளங்காததன்று. குழித்தறியில் அமர்பவர் இடுப்பும் முழங்காலும் மடிந்தபடியே பகலைக் கழிக்கின்றார். பாதம் ஓயாமல் மிதிக்கின்றது. பின்தொடைத் தசையோ முழு நீளத்துக்கு விரிய வாய்ப்பே பெறுவதில்லை. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்த காலத்தில் அதன் நெடுகிலும் நடக்கும் நடையாவது இருந்தது. தயாரான பாவு வீட்டுக்கே வந்துவிடும் இடங்களில் அதுவும் போயிற்று. சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் நாள் முழுதும் நிற்போர் கெண்டைக்காலைக் குறை கூறுகின்றனர்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து ஒரு காலை நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து முன்சாய வேண்டும். பின்தொடை இழுபடுவது தெரிந்ததும் அசையாது நிற்க வேண்டும். குலுக்குதலும் கூடாது, வலி வரும்வரை சாய்தலும் கூடாது. கெண்டைக்காலுக்குச் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்வைத்துக் குதிகால் எழாமல் சாய்ந்தால் போதும்.

எத்தனை நேரம்? 1994-இல் அமெரிக்காவில் வில்லியம் பேண்டி, ஜீன் ஐரியன் என்போர் பின்தொடை இறுகிய 57 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வாரம் 5 நாட்கள் வீதம் 6 வாரப் பயிற்சியில், 15 விநாடி நிறுத்தியவரைவிட 30 விநாடி நிறுத்தியவருக்குக் கால் நன்கு நீண்டது. 60 விநாடி நிறுத்தியவர் அதனினும் மிகுதியாக ஒன்றும் பெறவில்லை. சோதிக்கப்பட்டோர் இளவயதினர். 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் 2001-இல் வெளியான ஆய்வில் 60 விநாடியே சிறந்ததாகக் காணப்பட்டது. ஆகவே நம் முதியோர் பொறுமையாக ஒரு நிமிடம் இருப்பதே தகும்.

சில வாரப் பயிற்சியால் தசை உண்மையில் நீள்கின்றது என்பதைவிட, இழுவையைத் தாங்கும் உணர்வே மாறுகின்றது என்று பின்னைய ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். எதுவாயினும் குனிய முடிகின்றது. நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பயன் குறைந்துவிடும். இது எல்லா வலிக்கும் மருந்தென்று சொல்வோரை நாம் நம்பவில்லை. மஞ்சள் மூட்டை தூக்குவோர் தூக்குமுன் நெடுநேரம் தசையை இழுத்து நிறுத்துவதும் நன்றன்று. அதனால் வலு சற்றுக் குறையக்கூடும். காலில் மரமரப்போ வீக்கமோ இருப்பவர் முதலில் மருத்துவரைக் காண்க.

“தறி நின்றால் கூலி நிற்குமே” என்பது நியாயமான ஆட்சேபம். இரண்டு கால்களுக்கு இரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் அரை நிமிடம்; ஆக இரண்டு நிமிடம். நாடாவில் தார் மாற்றும் நேரத்தை நெசவாளர் யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆனால், வீட்டில் தனியே செய்யுமாறு சொல்லிவிட்டால் இது பத்து நாளில் மறைந்துபோகும். துணி ஒப்படைத்து நூல் வாங்க அங்கத்தினர் வந்து காத்திருக்கும் நாளில், சங்க வாசலிலேயே கற்பிக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். பால் சங்கங்களுக்கோ காலையும் மாலையும் அந்த வசதி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நிர்வாகக் குழுவினர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி, இயன்முறை மருத்துவர் ஒருவரை ஒருநாள் அழைக்கலாம். பெண் அங்கத்தினருக்குத் தனி இடமும் நேரமும் ஒதுக்குதல் அவசியம். தார் சுற்றிச் சமையலும் பார்க்கும் அவர்களுக்கே ஓய்வு குறைவு. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.