பழி அடிப்பவர் மீது, பிழை பட்டறையில்

கோல்ஃப் மட்டை பொருத்துபவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. வேகமாக வீசுகிறவரின் டிரைவர் மட்டை கழுத்தருகே முறிந்து வந்தால், "உங்கள் வேகத்துக்கு இந்தத் தண்டு தாங்காது, இன்னும் விறைப்பானதைப் போடுங்கள்" என்கிறார்கள். செலவு ஆட்டக்காரருடையது. புதுத் தண்டும் அதே இடத்தில் முறியும்போது பழி மறுபடியும் அவர் மீதே விழுகிறது. இது நியாயமில்லை.

வேகத்தையே முதலில் கணக்குப் பார்ப்போம். டிரைவரின் தலை ஏறக்குறைய 200 கிராம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதை மணிக்குச் சுமார் 115 மைல் வேகத்தில் வீசுகிறார்கள். அப்போது தலை தண்டை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 30 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வேகம் இன்னும் 20 விழுக்காடு கூடினாலும் 43 கிலோதான். பழுதில்லாத கிராஃபைட் தண்டு இதை எளிதாகத் தாங்கும். பந்தில் படும் கணத்தில் கழுத்தருகே வளைவு கூடுவது உண்மை. அதையும் எண்ணித்தான் தண்டைச் செய்கிறார்கள்.

2020 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், சான் பிரான்சிஸ்கோவின் ஹார்டிங் பார்க் மைதானத்தில், பிரைசன் டிசாம்போவின் டிரைவர் முறிந்தது. அவரைவிட வலுவாக வீசுபவர்கள் அந்தக் களத்தில் அரிது. ஆனால் அது முறிந்தது வீச்சின்போது அல்ல. அடித்து முடித்து, பந்தை வைத்திருந்த டீயை எடுக்க மட்டையில் சாய்ந்து குனிந்தபோது. சேதம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிறது, கடைசியாக முறிக்கும் விசை சிறியதாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம். எனவே கேட்க வேண்டியது, சேதம் எங்கே தொடங்கியது என்பதே.

பெரும்பாலும் ஹோசலின், அதாவது தலையில் தண்டு நுழையும் குழலின், வாயில். துளையிட்ட உலோகத்தின் உள்விளிம்பு பல மட்டைகளில் கூராகவே இருக்கும். ஒவ்வொரு அடியிலும் தண்டு அந்த விளிம்பில்தான் வளைகிறது. கார்பன் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. கவுன்ட்டர்சிங்க் பிட்டால் அந்த விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டு, அந்த இடைவெளியில் எபாக்ஸிப் பசை நிரம்பவிட்டால் அழுத்தம் பரவிவிடும். சில நிமிட வேலை. மேலே மாட்டும் ஃபெரூல் என்ற வளையம் அந்த வேலையைச் செய்யாது, அது அலங்காரம்.

அடுத்தது அந்த "இன்னும் விறைப்பானது". விறைப்பு வேறு, வலிமை வேறு. தண்டின் விறைப்பைக் காட்டும் ஆர், எஸ், எக்ஸ் என்ற குறிகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தண்டின் தலைப்பக்க முனைச் சுவரின் கனத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. இந்த மருந்து நோயைக் கூட்டவும் செய்கிறது. விறைப்பு கூட்ட முனையை வெட்டுகிறார்கள். முனையின் சமவிட்டப் பகுதியைத் தாண்டி வெட்டினால் தண்டு 0.335 அங்குலத் துளைக்குள் நுழையாது. உடனே உப்புத்தாளால் தேய்த்துத் திணிக்கிறார்கள். தேய்ந்து போவது பெயின்ட் மட்டுமல்ல, சுமை தாங்கும் கார்பன் அடுக்குகள்! பெரிதாக்க வேண்டியது, இடமிருந்தால், துளையை. தண்டில் கை வைக்கக் கூடாது. பிடிப்புக்காகச் சொரசொரப்பாக்கும்போதும் பெயின்ட் போனதும் நிறுத்திவிட வேண்டும்.

"பசையைத் தாராளமாகப் போட்டால் போதும்" என்பதும் தவறு. ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத் தண்டு உள்ளே போயிருந்தால் எந்த எபாக்ஸியும் காப்பாற்றாது. பசை பூசாமல் ஒருமுறை நுழைத்து, ஆழத்தைத் தண்டில் குறித்துக்கொண்டால் அடிவரை இறங்கியதா என்பது தெரிந்துவிடும். கழற்றி மாட்டும் தண்டுகளில் வெப்பம் இன்னொரு ஆபத்து. பழைய பசையை இளக்கும் சூடு அளவு மீறினால், இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினையும் கெடுக்கும். வெளியே பார்த்தால் தண்டு புதிதுபோலவே தெரியும்.

ஸ்டீலுக்கு மாறுவதும் தீர்வாகாது. அரம் பட்ட கீறலிலிருந்து ஸ்டீலிலும் விரிசல் ஓடும்.

நீளடிப் போட்டியாளர்கள் மணிக்கு 140 மைலையும் தாண்டுகிறார்கள். அவர்களுக்கு முனை கனமான தண்டு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் கூர் விளிம்பு அதே கேட்டைத்தான் செய்யும், இன்னும் விரைவாக. முறிந்த மட்டை மேசைக்கு வந்தால், புதுத் தண்டுக்குச் சொல்லியனுப்பும் முன் ஹோசலில் சிக்கிய துண்டை எடுத்துப் பாருங்கள். வாயோடு வட்டமாக, நேராக அறுந்திருந்தால் முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முனை மெலிந்திருந்தால் உப்புத்தாளைச் சந்தேகியுங்கள். ஹோசலுக்கு வெகு மேலே துடைப்பம்போலப் பிய்ந்திருந்தால் மட்டுமே, அவர் எங்காவது மோதினாரா என்று ஆட்டக்காரரைக் கேளுங்கள்.