சுவரைச் சுரண்டியது யார்?

ஏழையின் வீட்டுச் சுவர் வெடித்தால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. “மழை அதிகம்” என்கிறார் காண்டிராக்டர். “பராமரிப்பு இல்லை” என்கிறார் அதிகாரி. “ஓசியில் கொடுத்தால் இப்படித்தான், இவர்களே சுரண்டிக் கெடுக்கிறார்கள்” என்கிறார் ஊர்ப் பெரிய மனிதர்.

நல்லது. சுவரைச் சுரண்டியது யார் என்று பார்த்துவிடுவோம்!

சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. 2021 ஆகஸ்டில் அங்கே குடியேறிய மக்கள் தொட்ட இடமெல்லாம் பூச்சு மாவாக உதிர்ந்தது. பல வருஷ மழையும் வெயிலும் தின்ற சுவரா அது? இல்லை, புத்தம் புதுக் கட்டிடம்! ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. இரண்டு பொறியாளர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து, பூச்சு தரக்குறைவு என்றே சொன்னார்கள். சுரண்டியது குடியிருந்தவர் விரலா? அதற்கு முன்பே வேறொரு கை சுரண்டிவிட்டது!

சட்டிக் கணக்கு

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது? செங்கல் கட்டுக்கு ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் என்பது வழக்கமான கணக்கு. ஆறை ஒன்பதாக்கினால் என்ன நடக்கும்? பதினெட்டுச் சட்டி மணலுக்கு மூன்று சட்டி சிமெண்டு போக வேண்டிய இடத்தில் இரண்டு போகும். மூன்று மூட்டைக்கு ஒரு மூட்டை மிச்சம்! பில்லில் மூன்று, சுவரில் இரண்டு. மூன்றாவது எங்கே போயிற்று என்று நாம் கேட்கிறோம்.

அடுத்தது தண்ணீர். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. கட்டிய சுவருக்கும் பூச்சுக்கும் ஒரு வாரமாவது நனைப்பு வேண்டும். நனைக்கும் ஆளின் கூலியை மிச்சம் பிடித்தால் பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்?

கொத்தனாரையும் சித்தாளையும் திட்டாதீர்கள். அவர்கள் நம்மவர்கள். கலவையின் அளவை முடிவு செய்வது கரண்டி பிடிக்கும் கை அல்ல, பில் எழுதும் கை!

சுவரைப் படிப்போம்

மில் லைன் வீடாகட்டும், கிராமத்துத் தொகுப்பு வீடாகட்டும், சுவர் நம்மிடம் பேசுகிறது. அதன் பாஷையை நாம் கற்க வேண்டும்.

மயிரிழை போல வலைவலையாக வெடிப்பா? பெரும்பாலும் பூச்சோடு நிற்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானை போல ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நனைத்து, மறுபடி பூச வேண்டும்.

செங்கல் வரியோடு படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பு வேறு ஜாதி. அது பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளம். களிமண் பூமி மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆழமில்லாத கடைக்கால் அதோடு ஆடும். வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அதன்மேல் பூசுவது வீண். பொறியாளரை வரவழைக்க வேண்டும்.

தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிகிறதா? அது ஓதம். தரைமட்டத்துக்கு மேல் ஓதம் தடுக்கும் வரி போடாமல் விட்டதன் பலன். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றுங்கள். மழைநீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள். உப்பைக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரை பூசுங்கள். மண்சுவருக்கும் சிமெண்டு பகை. உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்து, ஒருநாள் தகடு தகடாகக் கழன்று விழும்.

கூரையில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறதா? துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். துருவின் மேலேயே கலவையை அப்புவது ஏமாற்று வேலை. உதிர்வதையெல்லாம் கொத்தி, கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, சிமெண்டுப் பால் அடித்த பிறகே கெட்டியான கலவை வைக்க வேண்டும். கம்பியே இளைத்திருந்தால் அந்தக் கூரை பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது. அதன் கீழே தொட்டில் கட்டாதீர்கள்!

தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சுவர் சாய்ந்தாலும் வயிறு தள்ளினாலும் மழைக் காலத்தில் அதன் அருகே படுக்கக் கூடாது. 2019 டிசம்பர் 2 விடியுமுன் மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து மாளிகையின் உயர்ந்த மதில், தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் மேல் சரிந்தது. 17 பேர் மாண்டார்கள். அந்த மதிலால் ஆபத்து என்று முன்பே சொன்னோம் என்றார்கள் அவ்வூர் மக்கள். சொன்னவர் ஏழை, கேட்க வேண்டியவர் காது கேட்கவில்லை!

வெள்ளையடிப்பு போதாது

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் வெடிப்பு மறையும், ஆனால் போகாது. நம் கையால் ஆனதை நாம் செய்வோம். ஆனால் பிறர் களவாடிய சிமெண்டுக்கு நம் கூலியிலிருந்து ஏன் ஈடு கட்ட வேண்டும்?

சர்க்கார் பணத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் எஸ்டிமேட் உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் காகிதத்தை மட்டும் தருவதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. கலவையிலேயே ஒரு பிடி கேட்கலாம்! தனி ஆளாகப் போனால் நாளை வா என்பார்கள். தெருவே சேர்ந்து, சங்கத்தின் பெயரால் போனால் நாற்காலி போடுவார்கள்.

லைன் வீட்டுத் தோழர்களே, தொகுப்பு வீட்டுத் தோழர்களே! இந்த ஞாயிறு வீடு வீடாகச் சுவரைத் தட்டிப் பாருங்கள். வெடிப்பையும் ஓதத்தையும் துருக்கம்பியையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில், அடுத்த மில் கமிட்டிக் கூட்டத்தில் அந்த நோட்டை மேஜைமேல் வையுங்கள்.

களவு போன அந்த மூன்றாவது மூட்டைக்கு அவர்கள் கணக்குச் சொல்லட்டும்!