பெயரும் ஆளும்

வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் பையன் வகுப்பில் இருக்கிறான் என்று ஆகிவிடுமா? மாதாகோயில்களுக்கும் இதே சங்கடம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாக்குரிமையுள்ள அங்கத்தினர் ஜாபிதாவை ஆறு வருஷத்துக்கு ஒரு முறை அடியோடு புதிதாக எழுதுகிறார்கள். 2019-லும் 2025-லும் அவ்விதமே நடந்தது. பழைய பெயர் எதுவும் தானாக ஏறாது. முப்பது வருஷம் கோயில் மணி அடித்தவரும் மறுபடி மனுக் கொடுக்க வேண்டும்.

கணக்குச் சுத்தமாகிறது, வீண் பெருமையும் ஒழிகிறது. நல்லதுதான். ஆனால், வராதவரெல்லாம் விலகியவர் அல்லர். படுக்கையில் கிடக்கும் பாட்டி மனுவுக்கு எங்கே போவாள்? பழைய அங்கத்தினருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. அதைக் கடிதத்தோடு முடித்துவிடலாகாது. பெயரை அடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆளைத் தேடிப் போக ஒரு மாலைப்பொழுது வேண்டும். அந்த மாலைப்பொழுதைச் செலவிட்ட பிறகே பேனாவை எடுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.