ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தால் போதுமா?



2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடை, காய்கறிக் கடை என்று பாராமல் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. 2021-22 முதல் நான்கு ஆண்டுகளில் யுபிஐ மூலம் வங்கிக் கணக்கில் விழுந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, இவ்வளவு விற்ற நீங்கள் ஏன் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை என்று கேட்டது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். சில நாட்களுக்குள் கடைக்காரர்கள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடையடைப்புக்கும் தேதி குறித்தார்கள். ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு செய்ய வேண்டியவர்கள் பதிவு செய்யுங்கள் என்று அறிவித்த பிறகுதான் கொதிப்பு அடங்கியது.

அந்த வாரம் நம் கடைத்தெருவிலும் இதே பேச்சுதான். "அவங்க செஞ்சதுதான் சரி அண்ணாச்சி, நாமும் அட்டையைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இரண்டொரு கடையில் தூக்கியும் போட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் முடிவு தவறு என்பது என் கருத்து. உறுப்பினர்களில் பலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஹாவேரி வியாபாரியை மாட்டிவிட்டது யுபிஐ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். யுபிஐ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கணக்குக்கு இவ்வளவு பணம் வந்தது. அது கத்தரிக்காய் விற்ற பணமா, சோப்பு விற்ற பணமா, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றா, சீட்டு எடுத்த பணமா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய சிட்டை நம்மிடம் இருக்க வேண்டும். சரக்குகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும்; வரி விலக்குள்ள சரக்கு மட்டுமே விற்பவருக்குப் பதிவே தேவையில்லை. இந்த இரண்டு வரியும் நமக்குக் கேடயம். கேடயம் இருந்தும் அதைத் தூக்கிப் பிடிக்கக் கொள்முதல் பில் இல்லை, விற்பனைக் கணக்கு இல்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?

கடைப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் ஒரே வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே 2022 வரை அப்படித்தான் வைத்திருந்தேன். மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்ப் பணம் அதே கணக்கில் விழுந்து, ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விளக்கியபோதுதான் புத்தி வந்தது.

ரொக்கத்துக்கு மாறினால் மறைந்துவிடலாம் என்ற நினைப்பும் பழைய காலத்து நினைப்பு. ஜிஎஸ்டி எண் வாங்கிய கடை என்றால், ஏஜென்சிக்காரர் போடும் பில் நம் எண்ணில் ஏறி மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்து நிற்கிறது. விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள், பதிவு பெற்ற வியாபாரிக்குச் சரக்கு கொடுத்தால் 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு பில்தான் போட வேண்டும். வாங்கியது தெரிகிறது, விற்றது தெரியவில்லை என்றால் கேள்வி வராமலா போகும்?

நம்மில் பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி. வருமான வரியில் உத்தேச லாபம் காட்டும் முறையில், ரொக்கமாக வந்த விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். வங்கி வழியாக, யுபிஐ வழியாக வந்ததற்கு 6 சதவீதம் காட்டினால் போதும். ஒரு கோடி விற்பவருக்கு இது இரண்டு லட்சம் ரூபாய் வருமான வித்தியாசம். அட்டையைக் கழற்றியவர் இதையும் சேர்த்துத்தான் கழற்றினார்.

வரிப் பேச்சு இத்துடன் போகட்டும். எனக்குப் பெரிய கவலை வேறு.

பிளிங்கிட், செப்டோ, ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் என்று பத்து நிமிடத்தில் பொருள் தருவதாக விளம்பரம் செய்துகொண்டு வந்தவர்களைப் பற்றி நாம் பேசும்போது, வண்டியைப் பற்றியும் தள்ளுபடியைப் பற்றியும்தான் பேசுகிறோம். பெரிய முதல் போட்டு நஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்று மனு கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வாடிக்கையாளர் உள்ளே வராத அந்த இருட்டுக் கிட்டங்கி, எந்தச் சரக்கை எவ்வளவு வைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒவ்வொரு பில்லும் பொருள் வாரியாக, தெரு வாரியாக, நேரம் வாரியாக அவர்கள் கணிப்பொறியில் ஏறுகிறது. ஞாயிறு காலை எந்தத் தெருவில் இட்லி மாவு கேட்பார்கள், மாதக் கடைசியில் எந்தத் தெருவில் அரை லிட்டர் எண்ணெய் போகும் என்று அது சொல்லிவிடுகிறது.

இது நமக்குப் புதிதா? மாதச் சாமான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் அம்மா விடுபட்டதைக் கூட, "பெருங்காயம் போன மாசம் வாங்கலையே, போடட்டுமா?" என்று கேட்டுப் போட்டவர்கள் நம் தகப்பனார்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தால் ஏழை வீட்டிலும் வாங்குவார்கள் என்று கடலூர் சின்னி கிருஷ்ணனுக்குத் தெரிந்ததற்கு எந்தக் கணிப்பொறியும் காரணமில்லை. அந்த அறிவு நம் தலையில் இருந்தது. தலையில் மட்டும் இருந்ததுதான் கோளாறு. பெரியவர் கல்லாவை விட்டு எழுந்தால் அதுவும் எழுந்து போய்விடுகிறது. பையன் உட்கார்ந்தால் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இன்று கல்லாவில் ஒலிப்பெட்டி "நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்கிறது. அந்த நூற்று நாற்பதில் என்ன பொருள் போனது என்று நமக்கே கணக்கில்லை. யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார் என்பது மட்டும் பணம் வாங்கித் தரும் கம்பெனியிடம் சேர்கிறது. அதை வைத்து அவன் நமக்கே கடன் தர வருகிறான்! அவனையே முழுக்க நம்பவும் முடியாது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது, அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்த வியாபாரிகள் மார்ச் 15க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. இரண்டு வங்கியின் அட்டை வைத்திருப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

நான் 2023இல் பில் போடும் மென்பொருள் வாங்கினேன். வேலை செய்யும் பையன் முதல் இரண்டு மாதம் முணுமுணுத்தான். கூட்டம் நிற்கும் நேரத்தில் நானும் தாளில் கூட்டிக் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காம் மாதம் பட்டியல் எடுத்துப் பார்த்தால், அலமாரியில் ஒரு வரிசை முழுக்க அடைத்திருந்த பெரிய ஷாம்பு பாட்டில்களில் மாதத்துக்கு மூன்றுதான் போயிருக்கிறது. ஸ்கீம் தருகிறேன் என்று ஏஜென்சிப் பையன் தள்ளிவிட்ட சரக்கு. அந்த இடத்தில் இப்போது சிறுதானியமும் செக்கு எண்ணெயும் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, பிஸ்கட் முதலியவற்றின் வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, முந்தின இரவே விலையை மாற்றி வைத்துவிட்டேன். எதிர்க்கடை நண்பர் பத்து நாள் வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றார்.

அதற்காக எல்லோரும் உடனே கணிப்பொறி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தினமும் பத்து கிலோ தக்காளி விற்பவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொள்முதல் சீட்டைக் குத்தி வைக்க ஒரு கம்பியும் போதும். மளிகை, பல்பொருள் கடை வைத்திருப்பவர்கள் மட்டும் இனியும் தள்ளிப்போட வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சரக்குப் பட்டியலும் வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் நம் கையோடு வருமா? வராது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அரசாங்கம் முன்நின்று தொடங்கிய ஓஎன்டிசி 2022இல் சோதனை முறையில் வந்தபோது, தேர்ந்தெடுத்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அதில் சேர்ந்து விற்கவும் முதலில் பொருள், விலை, இருப்புப் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாத கடைக்கு எந்தச் சந்தையிலும் இடம் போட முடியாது.

யுபிஐ தொகையை மட்டும் வைத்து நோட்டீஸ் அனுப்பக் கூடாது, முதலில் விளக்கம் கேட்க வேண்டும் என்று நம் மாநில அரசிடம் சங்கம் கேட்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை நானே முன்மொழியத் தயார். கூடவே அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில், கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லிக் கேட்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் ஒருவரையும் அழைத்திருக்கிறோம். கொள்முதல் பில் கட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.