கிடைக்கலைன்னாலும் அது ரிசல்ட் தான்

புதுசா கனமான குவார்க் எதுவும் சிக்கலைன்னு செர்ன் ஆய்வகத்திலிருந்து அப்பப்ப ஒரு செய்தி வரும். கூடவே "இத்தனை கோடியைக் கொட்டி கடைசியில் பூஜ்யம் தானா?"ன்னு ஒரு கேள்வியும் வரும். கேள்வி நியாயமானது தான். 'பூஜ்யம்'ங்கிற வார்த்தை தான் தப்புன்னு எனக்குப் படுது.

டாப் குவார்க் கதையையே எடுத்துக்குங்க. 1977ல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப்பில் லியோன் லெடர்மன் குழு பாட்டம் குவார்க்கைக் கண்டுபிடிச்சாங்க. குவார்க்குகள் ஜோடி ஜோடியாத் தான் இருக்கும். அப்ப பாட்டத்துக்கும் ஒரு ஜோடி இருந்தாகணும். பேர் கூட வெச்சாச்சு, ஆள் தான் வரலை :-) ஜெர்மனியில் பெட்ரா, ஜப்பானில் டிரிஸ்டான்னு பெரிய பெரிய இயந்திரங்களில் தேடினாங்க. கிடைக்கலை. ஆனா ஒவ்வொரு தோல்வியும் "இந்த எடைக்குக் கீழே கிடையாது"ன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போச்சு. அடுத்து வந்தவங்க அந்தக் கோட்டுக்கு மேலே தேடினா போதும்.

நடுவில் அவசரப்பட்டவங்களும் உண்டு. 1984ல் செர்ன்ல கார்லோ ரூபியாவின் யூஏ1 குழு, 40 ஜிஇவி பக்கத்தில் டாப்புக்கான தடயம் இருக்குன்னு சொன்னாங்க. டேட்டா கூடக் கூட அந்தத் தடயம் கரைஞ்சு போச்சு. வழக்கமான மோதல்களே சில நேரம் டாப் மாதிரி வேஷம் போடும், அதைச் சரியாக் கழிக்கலைன்னா இப்படித் தான் ஆகும்.

ஃபெர்மிலேப்பின் சிடிஎஃப் குழு நிதானமா இருந்தாங்க. 1994ல் 'ஆதாரம்'னு மட்டும் சொன்னாங்க, 'கண்டுபிடிப்பு'ன்னு சொல்லலை. 1995 மார்ச்சில் டி-ஜீரோ குழுவோட சேர்ந்து தான் கண்டுபிடிப்பை அறிவிச்சாங்க. எடை சுமார் 173 ஜிஇவி. குண்டு பல்பு இழையில் இருக்கிற டங்ஸ்டன் அணு ஒண்ணோட எடை கிட்டத்தட்ட அவ்வளவு தான்!

சரி, நாலாவதா ஒரு ஜோடி இருக்கா? அதுக்குப் பதில் வேற பக்கத்திலிருந்து வந்துச்சு. அப்படிக் கனமான ஜோடி இருந்தா, எல்எச்சியில் ஹிக்ஸ் துகள் சுமார் 9 மடங்கு அதிகமா உருவாகியிருக்கணும். 2012ல் ஹிக்ஸ் கிடைச்சப்ப அப்படி எதுவும் தெரியலை. ஆக, வழக்கமான பாணி நாலாவது ஜோடிக்கு அங்கேயே கதவைச் சாத்தியாச்சு. இப்ப தேடுறது ஹிக்ஸ் மூலமா எடை வாங்காத வேற வகைக் குவார்க்குகளை. அதுலயும் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் கோட்டை 1,000 ஜிஇவிக்கு மேலே நகர்த்தியாச்சு. இதெல்லாம் பூஜ்யமா? சாஃப்ட்வேர்ல டெஸ்டிங் முடிச்சு "இந்த மாட்யூல்ல பக் இல்லை"ன்னு ரிப்போர்ட் கொடுத்தா அதை யாரும் வெட்டி வேலைன்னு சொல்றதில்லையே.

அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டவும் முடியாது. டாப்புக்கு ஒரு முகவரி இருந்துச்சு; பாட்டம் இருந்ததாலே அது இருந்தே ஆகணும். புது குவார்க்குகளுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. செர்ன் அடுத்து 91 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்துக்குத் திட்டம் போட்டிருக்கு. முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 1,500 கோடி சுவிஸ் ஃப்ராங்க் ஆகும்னு மதிப்பீடு. "புது துகள் நிச்சயம்"னு சொல்லி யாராவது இதை விற்க வந்தா நான் வாங்க மாட்டேன். "ஹிக்ஸைத் துல்லியமா அளப்போம், புதுசா ஏதாவது சிக்கினா அதிர்ஷ்டம், சிக்கலைன்னா அதையும் மறைக்காம சொல்வோம்"னு சொன்னா, உட்கார்ந்து பேசலாம். மக்கள் வரிப்பணம் சாமி, ஆசை காட்டி வாங்கக் கூடாது.

என்னைக் கேட்டா, "கிடைக்கலை"ன்னு நேர்மையா சொல்றவங்க, நாளைக்கு "கிடைச்சுடுச்சு"ன்னு சொன்னா தான் நம்பத் தோணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?