"நம்ம ஆளு" என்பது தகுதிச் சான்றிதழ் அல்ல

மே மாதம் வந்தால் மும்பையில் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஹாப்பூஸ் மாம்பழ விலை இறங்கும். மொட்டைமாடி ரிப்பேர்காரர்களின் விசிட்டிங் கார்டு வாட்ச்மேன் மேஜையில் குவியும். ஜூன் மழைக்குள் முடித்தாகணும் என்கிற அவசரத்தில் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர்கள் இருக்கிற பழைய சொசைட்டிகளில் லட்சக்கணக்கில் பணம் கைமாறும். யாரிடம்? பல சமயம், முன்பின் தெரியாதவரிடம். இல்லாவிட்டால் "நம்ம ஆளு" ஒருத்தரிடம்.

எனக்குக் கோபம் இந்த "நம்ம ஆளு" மேல்தான்.

எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் மூன்று கொட்டேஷன் வந்தது. மூன்று பேருடைய பேப்பர்களையும் சரிபார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றேன். உடனே ஒரு பெரியவர், "என்ன சார், பேங்க் மாதிரியே கேக்கறீங்க? தமிழ்க்காரர், கோயில் கமிட்டில எல்லாம் இருக்கார். தப்பா நினைச்சுக்கப் போறார்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பேங்க் மாதிரி கேட்டால் என்ன தப்பு? சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க பான் கார்டு, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் கேட்கிறோம். அதே பெரியவர் எங்கள் கவுண்டரில் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். தன் காசைப் போடுவதற்கே கேஒய்சி உண்டு. நம் காசை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மட்டும் கிடையாதாம்!

சட்டமும் நமக்குத் துணைக்கு வராது. கட்டடத்தில் வயரிங் வேலை செய்ய எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். பிளம்பருக்கு மாநகராட்சி லைசென்ஸ் உண்டு. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972 சட்டப்படி கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். மும்பையில் 30 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம், அதையும் மாநகராட்சியில் பதிவு பெற்ற இன்ஜினியர்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஆடிட் முடிந்ததும் மாடியில் ஏறி சுத்தியலால் உடைக்கிறாரே, வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டர், அவருக்கென்று ஒரு லைசென்ஸும் கிடையாது. நேற்று வரை பெயின்ட் அடித்தவர் இன்று "ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு மாட்டலாம், கேட்க நாதியில்லை.

அதனால் நாம்தான் பார்க்க வேண்டும். எதை, எப்படி?

1. ஜிஎஸ்டி எண். லெட்டர்ஹெட்டில் இருந்தால் போதாது, ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது, லாகின் கிடையாது. சட்டப்பூர்வப் பெயர், பதிவான தேதி, நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம் (மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33), அடுத்த பத்து பான் எண். மொத்தத்தில் ஆறாவது எழுத்து "பி" என்றால் தனிநபர், "சி" என்றால் கம்பெனி. லெட்டர்ஹெட்டில் "பிரைவேட் லிமிடெட்", எண்ணில் "பி" என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம் :-) "20 வருஷ அனுபவம்" என்பவரின் பதிவுத் தேதி போன வருஷமாக இருந்தால் காரணம் கேளுங்கள். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்கிற சின்ன கான்ட்ராக்டருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அது குற்றமும் இல்லை. ஆனால் பதிவில்லாமல் பில்லில் 18% வரி போட்டால் அது மோசடி.

2. உத்யம் சான்றிதழ். "கவர்ன்மென்ட் அப்ரூவ்ட்" என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். இது சுய அறிவிப்பின் பேரில் இலவசமாகக் கிடைப்பது. தொழில் சிறியதா பெரியதா என்று சொல்லும், வேலை தெரியுமா என்று சொல்லாது. ஐஎஸ்ஓ 9001-ம் அப்படித்தான். அது நிர்வாக முறைக்கு, கொத்தனார் கைக்கு அல்ல.

3. கெமிக்கல் கம்பெனியின் "அங்கீகரிக்கப்பட்ட அப்ளிகேட்டர்" கடிதம். இதற்கு மதிப்புண்டு, உண்மையாக இருந்தால். தேதி முடிந்துவிட்டதா பாருங்கள். பிறகு கம்பெனிக்கே போன் செய்து கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் நம்பருக்கு அல்ல, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு. ஆவணத்தைக் கொடுத்தவரிடமே ஆவணம் உண்மையா என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

4. பழைய வேலை. போன மாதம் முடித்ததைக் காட்டுவார்கள். வேண்டாம். குறைந்தது மூன்று மழை பார்த்த கட்டடம் கேளுங்கள். அங்கே போய் மாடியைப் பார்த்துவிட்டு வராதீர்கள். சைனா மொசைக் எப்போதுமே பளபளவென்றுதான் இருக்கும். மேல்தளத்து வீட்டுக் கதவைத் தட்டி சீலிங்கைப் பாருங்கள். அந்த வீட்டு அம்மா ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்.

5. பணம். பில்லில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு மச்சான் பெயரில் என்றால் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரலுக்குப் பிறகு நெஃப்ட் அனுப்பும்போதே பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. பத்து சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "பத்து வருஷ கேரண்டி" என்பது அவர் பத்து வருஷம் அதே முகவரியில் இருந்தால்தான். நிறுத்தி வைத்த பணம் உங்கள் கணக்கில் இருக்கும்.

இவ்வளவு கெடுபிடி செய்தால் எழுத்துப் படிப்பு இல்லாத நல்ல மேஸ்திரிக்குப் பிழைப்பு போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பட்டம் கேட்கவில்லையே. நல்ல மேஸ்திரிக்கு நாலாவது பாயின்ட் ஒன்றே போதும், பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். இன்று அவருக்குப் பிழைப்பைக் கெடுப்பது யார்? பேச்சாலும் பழக்கத்தாலும் வேலையைத் தட்டிக்கொண்டு போகிற "நம்ம ஆளு"தான்.

இதில் போவது பணம் மட்டுமில்லை. தெரியாதவர் என்ன செய்வார்? பழைய கோபாவை எடுக்காமல் அதன் மேலேயே புதுசாகப் போட்டு ஸ்லோப் கொடுப்பார். நாலு அங்குல செங்கல் கோபா சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. மூன்று தடவை ரிப்பேர் என்றால் மூன்று அடுக்குப் பாரம், கீழே ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி. அந்த ஸ்லாபுக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருப்பது மேல்தளத்தில் இருக்கும் யாரோ ஒரு வயதான தம்பதி. மாதிரி துணைவிதிகளின்படி மொட்டைமாடி சொசைட்டியின் பொறுப்பு. அதாவது கீழ்வீட்டுக்காரர் உட்பட நம் எல்லோருடைய பொறுப்பு. கோயில் கமிட்டி நட்புக்காக அவர்கள் தலைக்கு மேல் பாரம் ஏற்ற நமக்கு யார் உரிமை கொடுத்தது?

ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் கதை இன்னும் மோசம். இங்கிருந்து போனில் பேசி, அட்வான்ஸ் அனுப்பி, வாட்ஸ்அப் போட்டோவை நம்பி ஐப்பசி மழையை எதிர்கொள்கிறோம். அப்பா அம்மாவால் மாடி ஏற முடியாது. தயவுசெய்து, ஆளை சிபாரிசு செய்தவரையே வேலையைப் பார்த்துவரச் சொல்லாதீர்கள். வேறு ஒருவரை ஏற்றுங்கள். முடிந்தால் ஊர் இன்ஜினியர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேப்பர் கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் அவர் கோபித்துக்கொண்டால் ஜூனுக்குள் வேறு ஆள் பார்க்க நேரம் இருக்கும்.

டிஸ்கி: கடைசித் தவணைக்கு முன் மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள். பழைய கட்டடமாக இருந்தால் எத்தனை அங்குலம் கட்டலாம் என்று இன்ஜினியரைக் கேட்ட பிறகு செய்யுங்கள். தண்ணீருக்கும் எடை உண்டு.