ஏச்சால் மாறாத நோய்

வன்னியில் போதை பெருகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒழுக்கக்கேடு, சினிமா, கைத்தொலைபேசி என்று விரலை மடக்குகிறார்கள். மனச்சோர்வு என்ற சொல் அந்தப் பட்டியலில் வருவதேயில்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தம் பிள்ளைகளைப் புதைக்கவும் அவகாசமின்றி ஓடியவர்கள் மெனிக் பாம் முகாமில் அடைபட்டார்கள். எமது மக்கள் 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தபின் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் திரும்பினார்கள். வீட்டுத்திட்டம் வந்தது, வீதி வந்தது. பலருக்கு நித்திரை வரவில்லை. நித்திரைக்காகக் கசிப்பைத் தேடியவனைக் குடிகாரன் என்றோம்.

வடபுலத்தின் போர்க்காயங்களை எழுதிவந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மதுப் பழக்கத்தையும் அக்காயத்தின் விளைவுகளுள் ஒன்றாகவே கண்டார். சோர்வு குடியைத் தேடவைக்கும். குடி முதலில் வலியை மரக்கச் செய்து, பின் நித்திரையைக் குலைத்துச் சோர்வைக் கூட்டும். ஒன்றை விட்டு மற்றதற்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் இரண்டும் திரும்பி வரும்.

அரசு 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று சுற்றிவளைப்பைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. நாம் குத்பாவில் ஏசினோம். ஹராம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மதுவிலக்கே படிப்படியாக இறங்கிய சட்டம் என்பதை மறந்து, ஒரே ஏச்சில் ஒருவன் விட்டுவிட வேண்டும் என்கிறோம். நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரும் போகலாம். வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும்.

'எங்கட ஆக்களிடம் குடி இல்லை' என்ற பெருமை இன்னும் ஆபத்தானது. ஐஸும் வில்லைகளும் வாயில் மணப்பதில்லை. மானத்துக்கு அஞ்சி மறைக்கும் வீட்டில் நோய் முற்றிய பிறகே கதவு திறக்கிறது.

எழுதுகிற நாமும் தப்பவில்லை. எமது சிறுகதைகளில் குடிகாரன் மனைவியை அடிக்கவும் கடைசிப் பந்தியில் திருந்தவுமே வருகிறான். விடியும்வரை அவன் ஏன் திண்ணையில் குந்தியிருக்கிறான் என்று எத்தனை பேர் எழுதினோம்?

நோய் என்றால் குற்றத்தை மன்னிப்பதாகாதா என்பர். காசநோய்க்காரனுக்கு மருந்து கொடுப்பது மன்னிப்பா? அடிக்கும் கையைச் சட்டம் தடுக்கட்டும். உடைந்த மனதை வைத்தியம் பார்க்கட்டும்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே அந்த நான்கு இலக்கங்களை எழுத எந்த நிர்வாகம் முன்வரும்?